எடைச் சண்டை: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நடந்தது

நான் வேலை பார்ப்பது கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில். சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இருக்கும் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி, தூளாக்கி, குன்னூர் தேயிலை ஏலத்துக்கு அனுப்புவதுதான் தொழில். சம்பளம், கணக்கு, ஆட்கள் விவகாரம் மூன்றும் என் மேசையில். பதினோரு வருஷமாகிறது.

போன ஐப்பசியில் எங்கள் ஃபேக்டரியின் இரண்டு முக்கியமான ஆட்கள் ஐந்து வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நான் மூன்று தடவை தவறாகக் கையாண்டு, நாலாவது தடவைதான் ஓரளவு சரியாகச் செய்தேன். ஆட்களை வைத்து வேலை வாங்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். இரண்டு பேரிடமும் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே வெளியே விடுகிறேன். பெயர் யாருடையதும் போடவில்லை.

முதலில் ஆட்களைச் சொல்கிறேன். இலையைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு ஐம்பத்தாறு வயது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ஆறு வயதில் ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தவர். ட்ரஃபில், அதாவது இலையை வாட்டக் காற்று ஊதும் நீளத் தொட்டியில், இலை பரப்பும் பையனாகச் சேர்ந்து, படிப்படியாக டீமேக்கர் ஆனார். காற்றாடிச் சத்தத்தை வைத்தே எந்த ட்ரஃபில் இலை அதிகம் கொட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இலை சூப்பர்வைசருக்கு முப்பத்தொன்று. பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படுகர் வீட்டுப் பிள்ளை, டிப்ளமோ முடித்தவர், அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலை எடுக்கும் எந்தப் பாயிண்டில் எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் கத்திரி போட்டு வெட்டுகிறார், யார் கையால் பறிக்கிறார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரியவர் இவரைத் ‘தம்பி’ என்பார், இவர் அவரை ‘அண்ணே’ என்பார். சண்டைக்கு முந்தின நான்கு வருஷமும் அப்படித்தான் போனது.

அன்று இரவு நடந்தது இது. காலையிலிருந்து விடாத மழை, பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து லாரி நின்றுவிட்டது. ஆறரைக்கு வரவேண்டிய இலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. 2,800 கிலோ, எல்லாம் ஈர இலை, மூட்டையில் திணித்துக் கட்டியது. டீமேக்கர் எடைமேடைக்கு வந்து இரண்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். கரட்டு இலை (முற்றிய இலை) கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. லாரி டிரைவர்கள், லோடுமேன்கள், இரவு ஷிப்ட் பையன்கள் என்று பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது, “உன் சொந்தக்காரன் தோட்டத்துக் குப்பையை எல்லாம் நான் டீ ஆக்கணுமா?” என்று கேட்டுவிட்டார். தம்பியும் சும்மா இருக்கவில்லை. “பொழைக்க வந்தவங்களுக்கு இங்க மண்ணு வச்சிருக்கிறவன் கஷ்டம் எங்க தெரியப்போகுது” என்றார்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியமும் எங்கே போய்க் குத்தும் என்று விளக்கவேண்டியதில்லை. ஒன்று ஒருவரின் நேர்மையைத் தொட்டது, இன்னொன்று ஒருவர் இந்த மலையில் வாழ்ந்து உழைத்த ஐம்பது வருஷத்தையே இல்லை என்றது.

நான் செய்த தவறுகள்

முதல் தவறில் முதலாளிக்கும் பங்கு உண்டு. மறுநாள் காலை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, “ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க, கை குடுங்க, முடிஞ்சுது” என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கை கொடுத்தார்கள். நாலு நாள் தாங்கியது. பொதுவில் பட்ட அடிக்கு மூடிய அறையில் மருந்து போட்டால் அது வெளியே யாருக்கும் தெரியாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. டிரைவர்களும் லோடுமேன்களும் கேட்டதைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள், கை கொடுத்ததை அவர்கள் பார்க்கவே இல்லை.

இரண்டாவது, நான் தூது போனேன். இவரிடம் தனியாகப் பேசி, அவரிடம் தனியாகப் பேசி, ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொஞ்சம் சர்க்கரை தடவிக் கொண்டுபோனேன். “அண்ணன் உங்க மேல மரியாதை வச்சிருக்கார்” என்றெல்லாம் சொன்னேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. பத்து நாளில் இருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. “அக்கா, நீங்களும் அவங்க பக்கம்தானே” என்று தம்பி சொன்னபோது எனக்குத் தூக்கம் போனது. நல்லெண்ணத்தில் சொன்ன பொய்யாக இருந்தாலும், நடுவில் நிற்பவர் சொல்லும் முதல் பொய்யிலேயே அவர் நடுவில் நிற்கும் தகுதியை இழந்துவிடுகிறார்.

மூன்றாவது, மெமோ. இலை வரும் நேரத்தை மூன்று மணிக்குள் தெரிவிக்கவேண்டும் என்று எழுதி ஒட்டினேன். முன்பெல்லாம் தம்பி மூன்று மணிக்குத் தானாகவே அண்ணனுக்குப் போன் போட்டு, இத்தனை மூட்டை, இந்தப் பக்கம் மழை, கடைசி லாரி இத்தனை மணி என்று சொல்லிவிடுவார். மெமோ வந்த பிறகு அது ஒரு துண்டுச் சீட்டாகி வாட்ச்மேன் கையில் போனது. சீட்டில் ‘4,100 கிலோ’ என்று மட்டும் இருக்கும். ஈரமா காய்ந்ததா, முதல் மூட்டை எத்தனை மணிக்குக் கட்டியது என்பதெல்லாம் சீட்டில் வராது.

இதற்கிடையில் ஆட்களும் பிரிந்துவிட்டார்கள். ட்ரஃபில் வேலை செய்யும் பையன்கள் டீமேக்கர் பக்கம், லாரியோடு போகும் பையன்கள் சூப்பர்வைசர் பக்கம். ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள் தனித்தனியாக உட்கார ஆரம்பித்தார்கள். இது எனக்குச் சண்டையைவிடப் பயமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் கடைசி லாரி வருவது பற்றிச் சீட்டு வரவில்லை. யார் மறந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, நானும் தேடவில்லை. டீமேக்கர் இருந்த இலையை எல்லா ட்ரஃபிலும் பரப்பி முடித்துவிட்டார். 2,600 கிலோ மூட்டையிலேயே இரவு பதினொன்று வரை நின்றது. நான் போய் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். வெளியே எலும்பைக் குடையும் குளிர், மூட்டைக்குள் வெந்நீர்ப் பானையில் கை வைத்த மாதிரி சூடு. பறித்த பிறகும் இலை மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கும், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்திக் கட்டினால் இலை தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். நடு மூட்டை இலையெல்லாம் ஓரம் சிவந்து, புளித்த வாடை அடித்தது. அந்தத் தூளைக் குன்னூரில் ப்ரோக்கர் சுவைத்துப் பார்த்து, உயிரில்லை என்று எழுதி அனுப்பினார். ஏலத்தில் கேட்பாரில்லாமல் அவுட்லாட் ஆனது.

சலிப்பறை அக்கா சொன்னது

கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் போட்ட ஐந்து வழிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். மோதுவது, ஒதுங்கிப்போவது, விட்டுக்கொடுப்பது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, சேர்ந்து உட்கார்ந்து இருவருக்கும் ஒத்துவரும் வழி தேடுவது. நல்ல விஷயம்தான், ஒருவர் எந்தப் பழக்கத்தில் சண்டையைச் சந்திக்கிறார் என்று அது காட்டிக் கொடுக்கும். ஆனால் எதற்காகச் சண்டை என்பது தெரிந்திருந்தால்தான் அது உதவும். எங்கள் இடத்தில் எனக்கு அதுவே தெரியாது. நான் இரண்டு பேரின் குணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பெரியவருக்கு முன்கோபம், சின்னவருக்கு ரோஷம் என்று.

அந்த இலை கெட்ட வாரமே, தூளைச் சலித்துப் பிரிக்கும் சலிப்பறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஒரு அக்கா டீ குடிக்கும்போது சொன்னார்: “மேடம், இது வாய்ச் சண்டை இல்ல. எடைச் சண்டை. எங்களுக்கு வர்ற தூளு குறைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கு அப்புறம்தான் அண்ணன் எரிஞ்சு விழ ஆரம்பிச்சார்.”

ரெண்டு மாசம். அதாவது அந்த இரவுக்கு முன்னாலேயே.

அடுத்த மூன்று நாள் மாலை நான் ஆபீஸில் உட்காரவில்லை. எடைமேடையில் நின்றேன். அங்கே கண்டதை எழுதுகிறேன், எனக்கு இந்த விவகாரத்தில் முக்கியமானது இதுதான்.

மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடையில் ஏறும். அதற்குக் கழிவு போடுவது எல்லா ஃபேக்டரியிலும் வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பது சூப்பர்வைசரின் கண்மதிப்பு. அதிகம் கழித்தால் விவசாயி அடுத்த நாளே வேறு ஃபேக்டரி லாரியில் மூட்டையை ஏற்றிவிடுவார். தேயிலை வாரியம் மாதாமாதம் ஏலச் சராசரியை வைத்துப் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவித்தாலும், கையில் வரும் காசைத் தீர்மானிப்பது இந்தக் கழிவுதான் என்று விவசாயிக்குத் தெரியும். நம் தம்பி தன் ஊர் ஆட்கள் முகத்தைப் பார்த்து, பத்து சதவீதம் தண்ணீர் இருந்தாலும் நாலு சதவீதம்தான் கழித்துக்கொண்டிருந்தார். காசு வாங்கிக்கொண்டோ சொந்தம் பார்த்தோ அல்ல. இலை குறைந்தால் முதலாளி அவரிடம்தான் கத்துவார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 18,000 கிலோ இலை என்று வைப்போம். பத்து சதவீதம் தண்ணீர் என்றால் 1,800 கிலோ. கழித்தது நாலு சதவீதம், 720 கிலோ. மீதி 1,080 கிலோ தண்ணீர் நம் புத்தகத்தில் இலை என்று ஏறிவிடுகிறது. எங்களுக்கு நூறு கிலோ இலைக்கு 23 கிலோ தூள் வரும். அந்தக் கணக்கில் 1,080 கிலோவுக்கு ஏறக்குறைய 250 கிலோ தூள் வந்திருக்கவேண்டும். தண்ணீரில் எங்கே தூள் வரும்? ஆக, நாள்தோறும் 250 கிலோ தூள் காகிதத்தில் காணாமல் போகிறது. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் டீமேக்கர்.

முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “தூள் எங்க போகுது?” என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷமாக ஒரு பொட்டலம்கூட வெளியே எடுத்துப் போகாத மனுஷனிடம் கேட்ட கேள்வி அது. காரணம் அவருக்குத் தெரியும், நிரூபிக்க வழியில்லை, எடைமேடை அவர் கையில் இல்லை. அந்தக் கோபம்தான் அன்று இரவு ‘சொந்தக்காரன் குப்பை’ என்று வெளியே வந்தது.

ட்ரஃப் ஓரத்தில்

சட்டப்படி பார்த்தால், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு வேண்டும். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் 2010இல் சேர்த்தார்கள். எங்களிடமும் குழு இருக்கிறது. ஆனால் இதில் மனு கொடுக்க யாரிடமும் மனு இல்லையே. அதனால் நானே ஒரு மாலை நாலு மணிக்கு, லாரி வருவதற்கு முன், இருவரையும் காலி ட்ரஃப் ஓரமாக உட்காரவைத்தேன். ஆபீஸ் அறை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன், அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன், அவர்கள் குற்றவாளி மாதிரி நிற்பார்கள்.

முதலில் நான் தூது போனதையும், இல்லாததைச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “முதலாளி உங்களைக் கூப்பிட்டா என்ன கேப்பாரு?”

தம்பி உடனே சொன்னார், “எத்தனை கிலோ, ஏன் குறைஞ்சுது, யார் விட்டுட்டுப் போனா. வேற ஒண்ணும் கேக்கமாட்டார்.”

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கையில் ஒரு கொழுந்தை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “தினம் இருநூத்தம்பது கிலோ தூளு எங்க போச்சுன்னு கேட்டாரு தம்பி. என்னைத் திருடன்னு கேட்டாரு” என்றார். குரல் ஒரு மாதிரி உடைந்தது.

தம்பி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அண்ணே, சத்தியமா இது எனக்குத் தெரியாது.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் கழிவைக் குறைச்சுத்தான் போட்டேன். அது உங்க தலையில வந்து விடியும்னு யோசிக்கல” என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பேசவேண்டிய தேவையே பெரிதாக இல்லை. அவர்களே வேலையைப் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஏதாவது ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ இலை எடுப்பது, பருத்தித் துணியில் உதறித் துடைத்து மறுபடி எடை போடுவது, எத்தனை கிராம் குறைகிறதோ அதுவே அந்த லாரிக்குக் கழிவு. அதே இலையில் கொழுந்தும் கரட்டும் தனியாகப் பிரித்து எடை போட்டு எழுதுவது. ஒரே நோட்டு, இரண்டு கையெழுத்து. கீழ்ப் பக்கத்துப் பாயிண்டுகளில் காலையில் கட்டும் மூட்டையை மாலை வரை வைத்திருக்காமல் ஒரு சின்ன வண்டியில் இரண்டு மணிக்கே எடுத்துவிடுவது. மூன்று மணிக்குப் போன், சீட்டு கிடையாது.

முதலாளியிடம் பேசினதுதான் கஷ்டம். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். “அப்ப நான்தான் காரணம்னு சொல்ல வர்றியாம்மா?” என்றார். “நீங்க ஒருத்தர்கிட்ட கிலோவை மட்டும் கேக்கறீங்க, இன்னொருத்தர்கிட்ட தூளை மட்டும் கேக்கறீங்க சார், நடுவுல இருக்கிற தண்ணியை யாருகிட்டயும் கேக்கல” என்றேன். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டு, தண்ணீர் போக நிகர இலை எவ்வளவு என்று கேட்டார். டீமேக்கரிடம் தூள் கேள்விக்காக மன்னிப்பு கேட்டாரா என்றால், இல்லை. அது எனக்கு இன்னும் மனதில் உறுத்தலாகவே இருக்கிறது.

வேலைப் பிரச்சினை தீர்ந்தால் வார்த்தையும் தானாக ஆறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. தம்பியிடம் தனியாக ஒன்று சொன்னேன்: “எங்க வச்சுச் சொன்னியோ அங்க வச்சே எடு.” வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து எடைமேடையில், டிரைவர்கள் எல்லாரும் நிற்கும்போது, “அண்ணே, அன்னைக்குப் பொழைக்க வந்தவங்கன்னு சொன்னேன்ல, அது தப்பு. எங்கப்பாவே உங்களைப் பத்தி அப்படிப் பேசமாட்டார்” என்றார். பெரியவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவர் பதிலுக்கு வாயால் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் தம்பியின் மாமா மூட்டை சாம்பிளில் வந்தது. கொழுந்து 54 சதவீதம்தான், மற்றவர்களுக்கு 65க்கு மேல். நோட்டில் எழுதவேண்டிய முறை அன்று பெரியவருடையது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் 54 என்று எழுதினார், சத்தமாகப் படிக்கவில்லை, நோட்டைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். மாமாவுக்குக் கோபம், இப்போதும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு சரியில்லை.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். உண்மையான கழிவு போட ஆரம்பித்ததும் ஏழு விவசாயிகள் விட்டுப் போனார்கள். சாம்பிள் எடுப்பதை நேரில் வந்து பார்க்கலாம் என்று சொன்ன பிறகு மூன்று பேர் திரும்பினார்கள், நாலு பேர் வரவே இல்லை. தை மாத உறைபனியில் இலையே இல்லாதபோது அந்த நாலு பேரின் மூட்டை வராதது எங்களுக்கு நன்றாகவே உறைத்தது. ட்ரஃப் பையன்களில் இருவர் லாரிப் பையன்களோடு இன்னும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. பெரியவர்கள் சமாதானமானாலும், அவர்களுக்காகச் சண்டை போட்ட சின்னவர்களை நாங்கள் யாரும் உட்காரவைத்துப் பேசவில்லை. அதை இந்த மாதம் செய்யவேண்டும்.

ஒன்று மட்டும் நினைத்து நினைத்து வருந்துகிறேன். தூள் குறைந்தது ஐந்து வாரத்துக்கு முன் இல்லை, இரண்டு மாதத்துக்கு முன்பே என் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. 23 இருக்கவேண்டிய இடத்தில் 21.6 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை.

டீமேக்கருக்கு ஓய்வு இன்னும் இரண்டு வருஷத்தில். போன வாரம் என்னிடம் வந்து, “தம்பிக்கு வாட்டம் பாக்கக் கத்துக்குடுக்கட்டுமா மேடம்?” என்று கேட்டார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் தம்பி வீட்டுக்குப் போவதில்லை, விடியற்காலை நாலு மணிக்கு ட்ரஃப் ஓரம் நிற்கிறார். வாடிய இலையை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கி விட்டால் அது உடனே உதிராமல் மெல்லப் பிரியவேண்டும். பெரியவர் பிடித்தால் அப்படியே பிரிகிறது. தம்பி ரொம்ப இறுக்கிவிடுகிறார். “விடு தம்பி, கசக்காத, மறுபடி எடு” என்ற சத்தம் காற்றாடிச் சத்தத்தையும் தாண்டி எடைமேடை வரைக்கும் கேட்கிறது.